ஒரு நகரம், நான்கு பச்சை

லண்டனில் எவ்வளவு பச்சை இருக்கிறது என்று கேட்டால் 47 சதவீதம் என்று ஒரு பதில் வரும். 2019-ல் லண்டன் தன்னைத் ‘தேசியப் பூங்கா நகரம்’ என்று அறிவித்துக்கொண்டபோது பெருமையோடு சொல்லப்பட்ட எண் அது. அதற்கு முந்தைய ஆண்டு மாநகர நிர்வாகம் வான்படங்களைக் கொண்டு மரங்களை மட்டும் வரைபடமாக்கியது. அதில் கிடைத்தது 21 சதவீதம். 2015-ல் இன்னொரு கணக்கு வெளியாகியிருந்தது. தன்னார்வலர்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் போய், அளவு நாடாவும் குறிப்பேடுமாக நின்று எடுத்த கணக்கு. அதன்படி மரங்கள் மூடிய பரப்பு 14 சதவீதம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் தெருவில் போகிறவரின் கண்மட்டத்திலிருந்து அளந்தபோது லண்டனின் பசுமை 12.7-க்கு இறங்கிவிட்டது.

நான்கில் எதுவும் பொய்யில்லை. முதல் கணக்கில் பூங்காப் புல்லும், விளையாட்டுத் திடலும், ஆற்றங்கரையும், வீட்டுக் கொல்லையில் செடி வளர்ந்த இடமும் எல்லாம் உண்டு. இரண்டாவதில் புல் கழிந்து மரம் மட்டும் மிஞ்சியது. மூன்றாவதும் மரத்தைத்தான் அளந்தது. ஆனால் மேலிருந்து பார்க்காமல், தரையில் சில இடங்களை அளந்து முழு நகரத்துக்கும் விரித்துச் சொன்னது. நான்காவது பரப்பைப் பற்றியதே அல்ல. தெருவில் நிற்பவரின் பார்வையில் எத்தனை பங்கு இலை என்பது அதன் கேள்வி.

‘உலகின் பசுமையான பத்து நகரங்கள்’ என்ற பட்டியல்கள் ஆண்டுதோறும் வருகின்றன. ஒன்றில் முதலிடம் பிடித்த ஊர் மற்றொன்றில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். பட்டியலை நம்பும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதைப் பச்சை என்று எண்ணினார்கள்? எங்கிருந்து பார்த்தார்கள்? எதனால் வகுத்தார்கள்?

இலை துப்பும் ஒளி

வானிலிருந்து பார்க்கும் முறையில் தொடங்கலாம். இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது, அதிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் ஒளிச்சேர்க்கைக்காக உறிஞ்சிக்கொண்டு பச்சையில் ஒரு பங்கைத் திருப்பிவிடுவதால். ஆனால் இலை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும் ஒளி பச்சை அல்ல. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி அது. அந்த ஒளியால் ஒளிச்சேர்க்கைக்குப் பயனில்லை. உறிஞ்சினால் இலை சூடேறும். பச்சையம் அதைத் தொடுவதில்லை. இலையின் உட்பகுதியில் செல்களுக்கு நடுவே இருக்கும் காற்றறைகள் அதைச் சிதறடித்து, பாதியளவை வந்த வழியே அனுப்பிவிடுகின்றன.

இந்த இரட்டை நடத்தையே செயற்கைக்கோளுக்குத் துப்பு. சிவப்பை விழுங்கி அகச்சிவப்பைத் துப்பும் பொருள் பூமியின் மேற்பரப்பில் ஏறக்குறைய இலை ஒன்றுதான். ஆகவே இரண்டு ஒளியையும் தனித்தனியே அளந்து, அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இதற்குத் தாவரக் குறியெண் என்று பெயர். ஆய்வாளர்கள் என்டிவிஐ என்பார்கள். செழிப்பான இலைப்பரப்பு சிவப்பில் 5 சதவீதத்தையும் அகச்சிவப்பில் 50 சதவீதத்தையும் திருப்புவதாக வைத்துக்கொண்டால், 45-ஐ 55-ஆல் வகுக்க 0.82 வரும். சிமெண்டுத் தளம் இரண்டையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பும். அதன் எண் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும். தெளிந்த நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் எண் பூச்சியத்துக்குக் கீழே போகும். வகுத்தல் எதற்கு என்றால், வெயில் மங்கினாலும் மலை நிழல் விழுந்தாலும் இரண்டு ஒளியும் ஒன்றாகவே குறையும். விகிதம் பெரிதாக மாறாது.

1972 ஜூலையில் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களை வைத்து, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரவுஸ் குழுவினர் இந்தக் கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கவலைப்பட்டது நகரங்களைப் பற்றி அல்ல. அமெரிக்காவின் நடுவே தெற்கு வடக்காகக் கிடக்கும் மாபெரும் புல்வெளிகள் எப்போது துளிர்க்கின்றன, எப்போது காய்கின்றன என்று அறிவதே நோக்கம். 2008-ல் லேண்ட்சாட் படங்கள் இலவசமாயின. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்துகொண்டன. இன்று ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில் எந்த நகரத்தின் என்டிவிஐ வரைபடத்தையும் ஒரு மாலைப்பொழுதில் உருவாக்கிவிடலாம். புல்லுக்குப் பிறந்த குறியெண் உலக நகரங்களுக்கெல்லாம் மதிப்பெண் போடத் தொடங்கியது இப்படித்தான்.

வானத்துக்குத் தெரியாதவை

பிறப்பின் குணம் அதை விடவில்லை. நன்றாகத் தண்ணீர் காட்டிய கோல்ஃப் மைதானமும் ஐம்பது வயதுத் தூங்குமூஞ்சி மரமும் இந்தக் குறியெண்ணில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இலை அடர்த்தி ஓரளவைத் தாண்டிய பிறகு எண் ஏறாமல் தேங்கிவிடுவது இதன் பலவீனம். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே மூன்று சதுர மீட்டர் இலை இருந்தாலும் ஆறு இருந்தாலும் மேலிருந்து பார்க்கிற கருவிக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. கீழே நிற்கிற மனிதருக்கோ வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு அது.

அடுத்தது படப்புள்ளியின் அளவு. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 900 சதுர மீட்டர். நம் கணக்கில் நான்கு கிரவுண்டு மனை. அதற்குள் இரண்டு வீடு, ஒரு சந்து, ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை எல்லாம் இருக்கும். கருவி அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்ணைத் தரும். அரைத்த மாவில் உளுந்தைத் தேடுவது போல, அந்த எண்ணிலிருந்து வேப்பமரத்தைப் பிரித்தெடுக்க முடியாது. சென்டினலின் புள்ளி 10 மீட்டர். ஒரு புள்ளிக்கு 100 சதுர மீட்டர். ஆறு மீட்டர் விரிந்த சாலையோர மரத்தின் நிழல் 28 சதுர மீட்டர்தான். அதுவும் முழுதாகப் பிடிபடுவதில்லை. கட்டடங்கள் நெருங்கிய ஊர்களில் ஒற்றை மரங்களே அதிகம் என்பதால், இந்த இழப்பு அங்கேதான் பெரிது.

படம் எடுத்த மாதமும் கணக்கை மாற்றும். லண்டனில் ஜனவரியில் எடுத்த படத்தில் பெரும்பாலான மரங்கள் மொட்டையாக நிற்கும். சென்னையில் நேர்மாறு. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் காலி மனைகளின் புதர்கூடப் பச்சையாக மின்னும். அதே இடம் மே மாதக் கத்தரி வெயிலில் பொட்டலாகத் தெரியும். ஒரு மாநகராட்சி ஒரு வருடத்தின் மே மாதப் படத்தையும் சில வருடம் கழித்து ஜனவரிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், ஒரு கன்றும் நடாமல் பசுமையைப் பெருக்கிக் காட்டிவிடலாம்.

இவை எல்லாவற்றையும் விடச் சங்கடமானது ஆகாயத்தாமரை. சாக்கடை கலந்து கெட்டுப்போன ஏரியில் அது பாய் விரித்ததும் செயற்கைக்கோள் அந்த ஏரியை அருமையான பச்சை என்று பதிவு செய்யும். ஏரி செத்துக்கொண்டிருப்பதற்கான அடையாளம் பசுமைக் கணக்கில் வரவாகிவிடுகிறது.

உயரமும் மாதிரியும்

புல்லையும் மரத்தையும் பிரிக்க வேண்டுமானால் உயரம் தெரிய வேண்டும். அதற்கு உதவுவது லைடார். விமானத்திலிருந்து நொடிக்குப் பல லட்சம் லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறார்கள். ஒரு துடிப்பின் ஒரு பகுதி மர உச்சியில் பட்டுத் திரும்பும். மிச்சம் இலை இடுக்குகளின் வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். இரண்டுக்கும் இடையேயான நேர வித்தியாசத்திலிருந்து மரத்தின் உயரம் கிடைக்கிறது. மரங்களின் இலைக்கூரை தரையில் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்பதைக் கவிகை என்போம். இன்று கவிகையை அளக்க நம்பகமான வழி லைடார்தான். 2017-ல் நியூயார்க் இப்படி அளந்தபோது கவிகை 22 சதவீதம் என்று தெரிந்தது.

விமானத்துக்கு வசதியில்லாத ஊர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. கணினியில் நகரத்தின் வான்படத்தின் மீது ஆயிரம் புள்ளிகளைக் கண்டபடி தூவ வேண்டும். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, மரத்தின் மேல் விழுந்ததா, கூரையிலா, தார்ச்சாலையிலா என்று குறிக்க வேண்டும். 200 புள்ளிகள் மரத்தில் விழுந்தால் கவிகை 20 சதவீதம். இதில் பிழை எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தெரியும். ஆயிரம் புள்ளிக்கு உண்மையான அளவு பெரும்பாலும் 17.5-க்கும் 22.5-க்கும் இடையே இருக்கும். அமெரிக்க வனத்துறையின் ஐ-ட்ரீ என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. இந்தப் பிழையளவை நினைவில் வைத்தால் ஒன்று புரியும்: ஆயிரம் புள்ளிக் கணக்கை வைத்துக்கொண்டு ‘மூன்றாண்டில் ஒரு சதவீதம் கூடியது’ என்று எவரும் மார்தட்ட முடியாது.

தரையில் இறங்கி எண்ணுவதற்கும் மதிப்புண்டு. மரத்தின் இனம், மார்பளவு உயரத்தில் தண்டின் சுற்றளவு, நோய், பட்ட கிளை ஆகியவை வானிலிருந்து தெரியா. லண்டனில் 84 லட்சம் மரங்கள் இருப்பதாக மதிப்பிட்டது, அங்கங்கே மாதிரி வட்டங்கள் போட்டு அளந்த 2015-ஆம் ஆண்டு அறிக்கைதான். நியூயார்க் 2015-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பிச் சாலையோர மரங்களை ஒன்றுவிடாமல் எண்ணியது. வந்த எண் 6.66 லட்சம். ஆனால் அந்த நகரத்தின் மொத்த மரங்கள் ஏறத்தாழ 70 லட்சம் என்று வனத்துறை மதிப்பிடுகிறது. தெருவில் கண்ணுக்குப் படுவது பத்தில் ஒன்று. மற்றவை பூங்காவிலும் தனியார் வளாகத்திலும் நிற்கின்றன.

கண்மட்டத்துப் பசுமை

அந்தப் பத்தில் ஒன்றுதான் அன்றாடம் நடப்பவருக்குக் கிடைப்பது என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது எம்ஐடியின் ட்ரீபீடியா திட்டம். கூகுள் ஸ்ட்ரீட் வியூ ஊர்திகள் சாலைகளில் எடுத்து வைத்திருக்கும் படங்களைக் கணினியிடம் கொடுத்து, ஒவ்வொரு படத்திலும் இலைப் பச்சை எத்தனை பங்கு என்று கணக்கிட்டார்கள். ஊர் முழுக்கச் சராசரி எடுத்தால் அந்த நகரத்தின் பசுமைக் காட்சிக் குறியெண் வரும். சிங்கப்பூர் 29.3, வான்கூவர் 25.9, நியூயார்க் 13.5, லண்டன் 12.7, பாரிஸ் 8.8.

பாரிஸ்காரர்களுக்கு இது கசந்திருக்கும். அவர்கள் ஊரின் மேற்கே 846 ஹெக்டேரில் புலோன் காடும் கிழக்கே 995 ஹெக்டேரில் வன்சென் காடும் இருக்கின்றன. ட்ரீபீடியா தெருவை மட்டும் பார்த்ததால் இரண்டு காடுகளும் கணக்கில் ஏறவில்லை. நியாயமா என்றால், கேள்வியைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு எங்கே போவது என்று கேட்டால் காடுகளைச் சேர்க்க வேண்டும். ஆறு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஆகஸ்டு மத்தியானத்தில் பேருந்துக்கு நிற்பவருக்கு எத்தனை இலை தெரிகிறது என்று கேட்டால் 8.8-தான் பதில்.

இந்த வரிசையில் சிங்கப்பூரின் முதலிடம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1963-ல் லீ குவான் யூ மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967-ல் ‘தோட்ட நகரம்’ என்பது அரசின் கொள்கையானது. சாலை போடும்போதே மரத்துக்கு மண்பட்டையும் ஒதுக்கப்பட்டது. அங்கே சாலைகளின் மேல் குடை விரிப்பதில் முதன்மையானது, நம் ஊர்களிலும் நெடுஞ்சாலை ஓரங்களில் நிற்கும் அதே தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரத்தை இரண்டு ஊர்களும் தத்தெடுத்துக்கொண்டன. வேருக்கு இடம் விட்டதில்தான் சிங்கப்பூர் வேறுபட்டது.

எதனால் வகுப்பது?

பச்சையை எப்படி அளந்தாலும் பிறகு எதனாலாவது வகுத்தாக வேண்டும். பரப்பால் வகுத்தால் சதவீதம், மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை சதுர மீட்டர். பாரிஸின் இரண்டு காடுகளையும் ஏறக்குறைய 21 லட்சம் மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு எட்டரை சதுர மீட்டருக்கு மேல் வரும். அந்தக் காடுகளைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஒரு முடிவிலேயே நகரம் பல படிகள் ஏறும் அல்லது இறங்கும்.

எல்லைக்கோடும் அப்படியே. சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. புறநகரின் தோப்புகளும் ஏரிக்கரைகளும் ஒரே அரசாணையில் மாநகரத்துக்குள் வந்துவிட்டன. பழைய எல்லையின் எண்ணையும் புதிய எல்லையின் எண்ணையும் ஒப்பிட்டு எவராவது வளர்ச்சி அல்லது வீழ்ச்சி பேசினால், அவர் பேசுவது மரங்களைப் பற்றி அல்ல, வரைபடத்தைப் பற்றி.

இந்தியாவில் நகரங்களின் பசுமைக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கை. ஏழு பெருநகரங்களின் வனப்பரப்பை அது தனியாகத் தந்தது. மும்பை 25.43 சதவீதம், ஹைதராபாத் 12.90, டெல்லி 12.61, பெங்களூரு 6.81, சென்னை 5.28, அகமதாபாத் 2.07, கொல்கத்தா 0.95. கொல்கத்தாவில் மரமே இல்லையா என்று திகைக்கத் தோன்றும். விளக்கம் வரையறையில் இருக்கிறது. குறைந்தது ஒரு ஹெக்டேர் இடம், அதில் 10 சதவீதத்துக்கு மேல் கவிகை. இந்த இரண்டும் இருந்தால், நிலம் யாருடையதானாலும் மரம் எதுவானாலும் அது ‘வனப்பரப்பு’. தென்னந்தோப்பும் சேரும், சீமைக்கருவேலம் மண்டிய பொட்டலும் சேரும். வரிசையாக நிற்கும் சாலையோர மரங்கள் ஒரு ஹெக்டேர் திட்டாக அமையாததால் சேரா. மும்பையின் எண்ணை உயர்த்தியது அதன் தெருக்கள் அல்ல, நகரை ஒட்டிப் படர்ந்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் கடலோர அலையாத்திகளும்.

இதே அறிக்கையில் சென்னைக்காரர்களைப் புருவம் உயர்த்த வைக்கும் செய்தி ஒன்றுண்டு. 2011-ல் 18.02 சதுர கிலோமீட்டராக இருந்த வனப்பரப்பு 2021-ல் 22.70 ஆகியிருக்கிறது. இடையில்தான் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் ஒரே பகலில் சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. இது எப்படிப் பொருந்தும்? விழுந்த சாலையோர மரங்கள் முதலிலேயே இந்தக் கணக்கில் இல்லை. ஒரு வளாகத்தில் 60 சதவீதமாக இருந்த கவிகை புயலுக்குப் பிறகு 20 ஆகியிருந்தாலும் 10-க்கு மேல்தானே. அது வனப்பரப்பாகவே நீடிக்கும், அடர்த்தி வகை மட்டும் மாறும். கணக்குப் பிழையில்லாமல் கூடியது. ஊர் நிழலை இழந்தது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

சராசரியின் மறைவில்

கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டர் பசுமை சென்னையின் சராசரியை உயர்த்தும். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டு வாசலை அது குளிர்விக்காது. நகரம் முழுமைக்கும் ஒரே எண் என்பதன் பெரிய குறை இதுவே.

அமெரிக்காவில் இதற்குக் கசப்பான சான்று உண்டு. 1930-களில் அரசின் வீட்டுக் கடன் அமைப்பு நகரங்களின் பகுதிகளுக்கு ஏ முதல் டி வரை தரம் போட்டது. கறுப்பின மக்களும் குடியேறிகளும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் டி தரம் பெற்றுச் சிவப்பில் குறிக்கப்பட்டன; அங்கே கடன் கிடைப்பது அரிதானது. 37 பெருநகரப் பகுதிகளின் இன்றைய மரக் கவிகையை அந்தப் பழைய வரைபடங்களின் மேல் வைத்துப் பார்த்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏ பகுதிகளில் சராசரிக் கவிகை 43 சதவீதம், டி பகுதிகளில் 23. எண்பது ஆண்டுக்கு முன் போட்ட ஒரு வண்ணக்கோடு இன்றும் மரங்களின் இருப்பில் தெரிகிறது.

அதனால் அளவுகோலே வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பிய அலுவலகம், வீட்டிலிருந்து 300 மீட்டர் தூரத்துக்குள் குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் வரை பொதுப் பசுமைவெளி இருக்க வேண்டும் என்கிறது. நகர வனவியல் அறிஞர் செசில் கொனைனென்டைக் 2021-ல் இதை நினைவில் நிற்கும் விதியாக்கினார்: 3-30-300. வீட்டிலிருந்து மூன்று மரமாவது கண்ணில் பட வேண்டும், அக்கம்பக்கத்தில் 30 சதவீதக் கவிகை வேண்டும், 300 மீட்டருக்குள் பூங்கா வேண்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு அளவைகள் என்பது இதன் சிறப்பு. ஒன்று கண்ணுக்கு, ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று காலுக்கு.

இந்த விதியை வைத்து எட்டு நகரங்களின் 25 லட்சம் கட்டடங்களைச் சோதித்த ஆய்வு 2024-ல் வந்தது. மெல்போர்னில் 44 சதவீதக் கட்டடங்களிலிருந்து மூன்று மரங்கள் தெரிகின்றன. 30 சதவீதக் கவிகையுள்ள சூழலில் இருப்பவையோ 3 சதவீதம். சிங்கப்பூரில் 75 சதவீதக் கட்டடங்கள் கவிகைச் சோதனையில் தேறின. மரம் இருப்பது வேறு, அது விரிந்து நிற்பது வேறு என்பதை இந்த இரண்டு நகரங்கள் காட்டிவிட்டன. சிறிய மரங்களை நெருக்கமாக நட்டு, கிளை விரியும் முன்பே கம்பிக்காகவும் கடைப் பலகைக்காகவும் வெட்டும் ஊரில் எண்ணிக்கை ஏறும், கவிகை ஏறாது.

எதை அளந்தால் எது வளரும்

கவிகைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? குளிர்ச்சிதான் காரணம். இலைக்கூரை வெயிலைத் தடுக்கிறது. இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேறும்போது சுற்றுப்புற வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் கார்லி ஸிட்டர் குழுவினர் சைக்கிள்களில் வெப்பமானி பொருத்தி, கோடைக்காலத்தில் தெருத்தெருவாக ஓட்டி அளந்தார்கள். 2019-ல் வெளியான அவர்கள் முடிவின்படி, ஒரு தெருக்கட்டு அளவில் கவிகை 40 சதவீதத்தைத் தாண்டும்போது பகல் வெப்பம் வேகமாகக் குறைகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய மரங்களுக்கு அந்த ஆற்றல் இல்லை. 93 ஐரோப்பிய நகரங்களை ஆராய்ந்து 2023-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரை இதை உயிர்க்கணக்காக மாற்றியது. 2015 கோடையில் நகர வெப்பத்தால் நேர்ந்த சுமார் 6,700 மரணங்களில், மரப்பரப்பை 30 சதவீதமாக்கியிருந்தால் 2,644-ஐத் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அந்த நகரங்களின் அப்போதைய சராசரி 14.9.

அளவுகோல் என்பது வெறும் புள்ளிவிவர விவகாரம் அல்ல என்பது இங்கேதான் தெளிவாகிறது. எதை அளக்கிறோமோ அதற்கே ஒப்பந்தம் விடப்படுகிறது, அதற்கே பணம் ஒதுக்கப்படுகிறது. ஜெர்மனியின் பெர்லின் 1990-களில் புதுக் கட்டடங்களின் மனைக்கு ஒரு பசுமைக் காரணியை வகுத்தது. மண்ணோடு தொடர்புள்ள செடிகொடிப் பரப்புக்கு முழு மதிப்பெண் 1. மொட்டைமாடித் தோட்டத்துக்கு 0.7, பச்சைச் சுவருக்கு 0.5, சிமெண்டுக்குப் பூச்சியம். கட்டுநர் எப்படியாவது மதிப்பெண் சேர்க்க வேண்டும் என்பதால், முற்றம் முழுக்கத் தளம் போடும் வழக்கம் தானே தளர்ந்தது.

நம் ஊர்களில் நாம் அளப்பது எது? நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. சாலை அகலப்படுத்த ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்பது பரவலாகக் கேட்கும் நிபந்தனை. கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் கலைந்துவிடும். 12 மீட்டர் விரிந்த மரத்தின் நிழல் 113 சதுர மீட்டர். ஒரு மீட்டர் விரிந்த கன்றின் நிழல் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், வெட்டிய அன்றே நிழலை ஈடுகட்ட 144 கன்றுகள் வேண்டும். பத்துக் கன்றும் பிழைத்துவிட்டாலும் முதல் நாளில் திரும்பி வருவது ஏழு சதவீதம். மீதிக்கு இருபது முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். அதுவும் அந்த இடத்திலேயே நட்டிருந்தால். ஊருக்கு வெளியே நட்டால் வெட்டிய தெருவுக்கு ஒன்றும் திரும்புவதில்லை.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. சென்டினல் படங்கள் இலவசம், புள்ளி தூவும் மென்பொருள் இலவசம். 2022 முதல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் உண்டு. மாநகராட்சிகள் வார்டுவாரியாக மூன்று எண்களை, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே எல்லைக்குள் அளந்து வெளியிடலாம். வெயில் உச்சத்திலிருக்கும் மே மாதத்துக் கவிகை, தெருவில் நடப்பவரின் கண்ணுக்குப் படும் பசுமை, 300 மீட்டருக்குள் பூங்கா உள்ள வீடுகளின் பங்கு. அந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் அடுத்த சாலை விரிவாக்கக் கருத்துக்கேட்பில் பேச்சே வேறு திசையில் போகும். எத்தனை கன்று நடுவீர்கள் என்று எவரும் கேட்க மாட்டார்கள். எத்தனை சதுர மீட்டர் நிழலை, எந்தத் தெருவில், எந்த ஆண்டுக்குள் திருப்பித் தருவீர்கள் என்றுதான் கேட்பார்கள்.